கடல்பாசியில் இரு முக மணிகள்: கருவி இல்லாமல் செய்யும் வழி, அதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி

பெருந்துறைப் பக்கம் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டை வைத்து, ஒரு பாதியில் காந்தப் பொடியும் மறு பாதியில் கரித்தூளும் இருக்கும்படி இரு முகத் துகள் செய்ய வேண்டும். நுண்ணிய கால்வாய்களில் திரவத்தை ஓடவிடும் மைக்ரோஃப்ளூயிடிக் சிப் செய்யும் வசதி கல்லூரியில் இல்லை. வேறு வழி உண்டா? செய்ததைத் திருப்பூர் சாயக் கழிவுநீரில் நேரடியாகப் போட்டுச் சோதிக்கலாமா?

வழி உண்டு. ரெண்டு ஊசி, ரெண்டு சிரிஞ்ச், ஒரு கிண்ணம் கால்சியம் குளோரைடு கரைசல் இருந்தால் போதும், முதல் நாளே மணி விழுந்துவிடும். ஆனால் அம்மிணி, உங்கள் கேள்வியில் ரெண்டு இடம் இடிக்கிறது. காந்தமும் கரியும் ஒரே மணியில் சீராகக் கலந்து கிடந்தால் என்ன குறைந்துவிடும்? கரி சாயத்தை உறிஞ்சும், காந்தத்தை வைத்து மணியை அள்ளிவிடலாம். முகம் ரெண்டாகப் பிரிய வேண்டிய அவசியமே அங்கே இல்லை. வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ரெண்டாவது இடைஞ்சல் இன்னும் பெரியது. ஆல்ஜினேட் மணி சாயப்பட்டறைக் கழிவுநீரில் நிற்காது, கரைந்துவிடும். ரெண்டுக்கும் மாற்று சொல்கிறேன். ஈரோட்டில் பிரிண்டிங் பட்டறைகளுக்குப் பேஸ்ட் கலக்கிக் கொடுக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவன் என்பதால் ஆல்ஜினேட்டின் குணம் கையோடு பழகியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஆல்ஜினேட் பழுப்புப் பாசியின் செல் சுவரில் இருப்பது. 1881-ல் ஸ்டான்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் இதைப் பிரித்தெடுத்தார். நம் கடற்கரையில் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கிடைக்கிற கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் இந்த வகைதான். முன்னது சர்காஸம், பின்னது டர்பினேரியா. கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. ஆனாலும் ஈரோட்டில் சாய கெமிக்கல் விற்கும் கடைகளில் இது மூட்டையாக இருக்கும். காரணம் ரியாக்டிவ் சாயம். 1956-ல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் அந்தச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, ஸ்டார்ச் போட்டுக் கெட்டியாக்கிய பேஸ்ட் பயன்படாமல் போயிற்று. சாயம் துணியோடு வினைபுரிவதுபோலவே ஸ்டார்ச்சோடும் வினைபுரிந்து, துணி விறைத்துப்போகும், நிறமும் குறையும். ஆல்ஜினேட்டில் இருக்கும் கார்பாக்ஸில் தொகுதிகள் எதிர்மின் கொண்டவை, சாயமும் எதிர்மின் கொண்டது. ஒன்றை ஒன்று தள்ளுவதால் சாயம் பேஸ்ட்டோடு ஒட்டாமல் துணிக்குப் போகிறது. இந்தத் தள்ளும் குணத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆல்ஜினேட் சங்கிலியில் ரெண்டு வகைச் சர்க்கரை அமிலங்கள் கலந்து வருகின்றன: மானுரானிக், குலுரானிக். குலுரானிக் வரிசையாக வருகிற இடத்தில் சங்கிலி மடங்கி மடங்கிக் குழி குழியாக நிற்கும். ரெண்டு சங்கிலி எதிரெதிரே வந்தால், நாமக்கல் முட்டை அட்டையில் முட்டை உட்காருகிற மாதிரி, ஒவ்வொரு குழியிலும் ஒரு கால்சியம் அயனி உட்கார்ந்து ரெண்டையும் பூட்டிவிடும். 1973-ல் வந்த இந்த விளக்கத்துக்கு ஆராய்ச்சி உலகிலும் முட்டைப்பெட்டி மாதிரி என்றே பெயர். சோடியம் ஆல்ஜினேட் கரைசலின் சொட்டு கால்சியம் கரைசலில் விழுந்ததும், ஒரு நொடிக்குள் வெளித்தோல் பூட்டிக்கொள்ளும். உள்பகுதி சில நிமிடம் திரவமாகவே இருந்து மெல்ல இறுகும். இரு முக மணி செய்வது முழுக்க இந்த வேகத்தை நம்பித்தான். ரெண்டு திரவம் கலப்பதற்கு முன்னால் தோல் பூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி முகம் எதற்கு என்ற கேள்வி. இரு முகத் துகள்களுக்கு ஜேனஸ் துகள் என்று பெயர். 1991-ல் இயற்பியல் நோபல் பெற்ற டி ஜென் தன் ஏற்புரையில் இவற்றைப் பற்றிப் பேசிய பிறகுதான் பலர் கவனம் இந்தப் பக்கம் திரும்பியது. அவர் சொன்னது, ஒரு பாதி தண்ணீரை விரும்பி, மறு பாதி வெறுக்கும் கண்ணாடி மணிகள். அவை நீர்ப்பரப்பில் ஒரு படலமாகப் பரவி நிற்கும், மணிகளுக்கு இடையே இருக்கும் சந்துகள் வழியாகப் பொருட்கள் போய்வரலாம் என்றார். அதற்கும் முன்னாலேயே, 1970-களில், ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஷெரிடன் என்பவர் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை மணிகளை ஒரு தாளுக்குள் பதித்து, மின்புலத்தால் திருப்பி எழுத்து காட்டினார். ரெண்டு உதாரணத்திலும் மணிக்குத் திசை இருக்கிறது. எந்தப் பக்கம் எங்கே பார்க்கிறது என்பதுதான் வேலையைச் செய்கிறது. உங்கள் காந்தமும் கரியும் திட்டத்தில் திசைக்கு வேலையே இல்லை.

திசைக்கு வேலை கொடுக்கிற ஒரு ஜோடி சொல்கிறேன். ஒரு பாதியில் மேக்னடைட், அதாவது காந்தம் இழுக்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடு. மறு பாதியில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதா ஒளி பட்டால் சாய மூலக்கூற்றை உடைக்கும். கொங்கு நாட்டு வெயிலுக்கு வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் பஞ்சமில்லை. இதை மேக்னடைட்டோடு கலந்து ஒரே மணியாகச் செய்தால் ரெண்டு கெடுதல். கறுப்புப் பொடி ஒளியை விழுங்கிவிடும். அதோடு ரெண்டும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், ஒளியால் கிளம்பும் எலக்ட்ரான்கள் இரும்புப் பக்கம் போய் வீணாகும், இரும்பும் மெல்லக் கரைந்து வெளியே வரும். ஆக ரெண்டையும் பிரித்து வைக்க நிஜமான காரணம் இருக்கிறது. இன்னொன்று, கண்ணாடித் தட்டில் மணிகளை ஒரே அடுக்காகப் பரப்பி அடியில் ஒரு காந்தம் வைத்தால், கறுப்புப் பக்கம் கீழே திரும்பி வெள்ளைப் பக்கம் சூரியனைப் பார்க்கும். சீராகக் கலந்த மணியை அந்தக் காந்தம் இழுக்கும், ஆனால் திருப்பாது, ஏனென்றால் அதற்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான். கரியும் வேண்டுமென்றால் வெள்ளைப் பாதியில் போடாதீர்கள். அங்கே போட்டால் மறுபடி ஒளியை மறைக்கும்.

டைட்டானியம் டை ஆக்சைடு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பெயின்ட் கடை வெள்ளைப் பொடி பெரும்பாலும் ரூட்டைல் என்ற படிக வகை. பெயின்ட்டே சிதையாமல் இருப்பதற்காக அலுமினா, சிலிக்கா பூசியிருப்பார்கள். அது உங்கள் வேலையைச் செய்யாது. அனட்டேஸ் வகை, பூச்சில்லாதது என்று கேட்டு வாங்குங்கள். அனட்டேஸ் சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம்தான் எடுக்கும். வெயிலின் ஆற்றலில் அது ஐந்து சதவீதத்துக்குள் அடங்கும். அதனால் சோதனையை மணிக்கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கும் என்று தயாராக இருங்கள்.

மேக்னடைட்டை நீங்களே செய்யலாம். ஆறு நீர் மூலக்கூறு கொண்ட ஃபெரிக் குளோரைடு 5.4 கிராம், ஃபெரஸ் சல்பேட் 2.8 கிராம், ரெண்டையும் தண்ணீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே அம்மோனியா விட்டால் கறுப்பாக இறங்கும். கணக்குப்படி 2.3 கிராம் மேக்னடைட் வர வேண்டும். ஃபெரஸ் சல்பேட் என்பது உரக்கடையில் விற்கும் அன்னபேதி உப்புதான். ஆனால் பழசாகிப் பழுப்பேறியது வேண்டாம், பச்சை நிறப் படிகமாக இருக்கிற லேப் சரக்கே நல்லது. பீக்கரின் அடியில் காந்தத்தைப் பிடித்து, மேல் தண்ணீரை வடித்து, மறுபடி மறுபடி கழுவி, பி.ஹெச். ஏழுக்கு வந்த பிறகுதான் ஆல்ஜினேட்டில் சேர்க்க வேண்டும். கழுவாமல் விட்ட இரும்பு அயனிகள் கால்சியத்தைப்போலவே ஆல்ஜினேட்டைப் பூட்டும். சிரிஞ்சுக்குள்ளேயே திரிந்து ஊசி அடைத்துக்கொள்ளும்.

திரிவது பற்றிப் பேசும்போது தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பேஸ்ட் வேலையில் பாதிச் சண்டை போர்வெல் தண்ணீரோடுதான். இந்தப் பக்கத்துச் சப்பைத் தண்ணியில் கால்சியமும் மெக்னீசியமும் ஏராளம். அதில் ஆல்ஜினேட்டைக் கரைத்தால் பேஸ்ட் கட்டி கட்டியாகத் திரண்டு, ஸ்கிரீனில் இறங்காமல் நிற்கும். அதற்காகத்தான் சோடியம் ஹெக்ஸாமெட்டாஃபாஸ்ஃபேட் போட்டுக் கால்சியத்தைக் கட்டிவைப்பார்கள். உங்களுக்கு இது நேர்மாறான சிக்கல். பிரிண்டிங் சரக்காக விற்கும் ஆல்ஜினேட்டில் அந்த ஃபாஸ்ஃபேட்டைச் சில சமயம் சேர்த்தே விற்பார்கள். அது இருந்தால் உங்கள் மணி சரியாக இறுகாது, கொழகொழவென்றே கிடக்கும். அதனால் உணவுத்தரம் அல்லது லேப் தரம் வாங்குங்கள், கால் கிலோவே உங்கள் புராஜெக்ட் முடிந்தும் மிஞ்சும். கரைப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான். சிறுவாணித் தண்ணீரே கிடைத்தாலும் இந்த ஒரு வேலைக்கு வேண்டாம்.

கரைக்கும் முறை எளிது, ஆனால் அவசரம் கூடாது. நூறு மி.லி. தண்ணீரை வேகமாகச் சுழலவிட்டு, ரெண்டு கிராம் பொடியைச் சுழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழுவழுப்பு, உள்ளே உலர்ந்த மாவு என்று கட்டி உருளும், அதை எந்தக் கலக்கியாலும் உடைக்க முடியாது. பொடியை முதலில் சில துளி ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டால் கட்டி விழாது. கரைந்ததும் ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் காற்றுக்குமிழ்கள் மேலேறிப் போய்விடும். குமிழோடு விட்டால் மணிக்குள் ஓட்டை இருக்கும், சில மணி மிதக்கும், உங்கள் கணக்கெல்லாம் குழம்பும். அப்புறம் அதை ரெண்டாகப் பிரித்து, ஒன்றில் மேக்னடைட், ஒன்றில் டைட்டானியம் டை ஆக்சைடு, ரெண்டிலும் சுமார் ஒரு சதவீதம் கலந்துகொள்ளுங்கள்.

இப்போது ஊசி. 26 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.46 மி.மீ. ரெண்டு ஊசியின் சாய்வு முனைகளையும் சாணைக்கல்லில் தேய்த்து மட்டமாக்கி, பக்கத்தில் பக்கமாக ஒட்ட வைத்து, எபாக்ஸி பசையால் இறுக்குங்கள். முனைகள் ரெண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று அரை மி.மீ. நீண்டிருந்தாலும் சொட்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஒரே கம்பெனி, ஒரே அளவு சிரிஞ்ச் ரெண்டை ஒரே தள்ளு பலகையில் மாட்டித் தள்ள வேண்டும். சிரிஞ்ச் பம்ப் இல்லை என்றால் ஸ்டெப்பர் மோட்டாரும் ஒரு மரைத் தண்டும் போதும். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் எந்த லேத் பட்டறையிலும் படத்தைக் காட்டினால் செய்து கொடுத்துவிடுவார்கள். கையால் தள்ளினாலும் மணி வரும், ஆனால் எல்லா மணியும் ஒரே மாதிரி வராது.

ரெண்டு திரவமும் ஏன் கலக்காது என்று சந்தேகம் வரலாம். இவ்வளவு கெட்டியான திரவம், இவ்வளவு குறுகிய வழியில், நொடிக்கு ஒரு செ.மீ. வேகத்தில் போகும்போது, ஓட்டத்தில் சுழல் வருமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 0.1-ஐக்கூட எட்டாது. சுழல் வராது, அவை அக்கம்பக்கமாகவே வழியும். ஊசி முனையில் தொங்கும் சொட்டிலும் கறுப்பு ஒரு பாதி, வெள்ளை ஒரு பாதி என்று கோடு தெளிவாகத் தெரியும். ஆனால் இங்கே ரெண்டு விஷயம் அந்தக் கோட்டைக் கெடுக்கும். ஒன்று, கெட்டித்தன்மை சமமில்லாதது. பொடி சேர்த்ததும் ஒரு பக்கம் அதிகம் கெட்டியாகிவிட்டால், இளகினது கெட்டியானதைச் சுற்றி வளைத்துப் போர்த்திக்கொள்ளும். ரெண்டையும் ஒரே ஊசி வழியாக, ஒரே எடை வைத்து இறக்கிப் பார்த்து, நேரம் சமமாக வரும்வரை தண்ணீர் சேர்த்துச் சரிசெய்யுங்கள். இன்னொன்று பரப்பு இழுவிசை. பொடி நன்றாகப் பரவட்டும் என்று ஒரு பக்கம் மட்டும் ட்வீன் மாதிரி சோப்புப் பொருள் சேர்த்தால், அந்தப் பக்கம் மறுபக்கத்தின் மேல் ஓடிப் படர்ந்துவிடும். சேர்த்தால் ரெண்டிலும் சேருங்கள், இல்லாவிட்டால் ரெண்டிலும் வேண்டாம்.

கீழே கிண்ணத்தில் கால்சியம் குளோரைடு: ரெண்டு நீர் மூலக்கூறு கொண்ட உப்பு என்றால் லிட்டருக்கு 14.7 கிராம். ஊசி முனைக்கும் கரைசலுக்கும் நடுவே பத்து செ.மீ. அளவு விட்டுத் தொடங்குங்கள். ரொம்பத் தாழ்வாக இருந்தால் சொட்டு உருண்டையாவதற்கு முன்பே கரைசலைத் தொட்டு, வால் முளைத்த தலைப்பிரட்டை வடிவில் இறுகும். ரொம்ப உயரமானால் விழுகிற அடியில் தட்டையாகும். ரெண்டுக்கும் நடுவில் உங்கள் கரைசலுக்குப் பொருந்திய உயரத்தை விட்டுப்பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கரைசலில் ஒரு துளி ட்வீன் சேர்த்தால் மேற்பரப்பு மென்மையாகி மணி நன்றாக உருண்டு வரும். கரைசலை மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் விழும் மணிகள் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒரு மணியை பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவரை ஒரே கோடாகப் போகிறதா, அல்லது வெள்ளை ஒரு மெல்லிய தோலாகக் கறுப்பைச் சுற்றியிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது, வெட்டினால்தான் தெரியும். மொபைல் கேமராவுக்கு மேக்ரோ லென்ஸ் ஒன்று போதும். இந்தப் படம்தான் உங்கள் அறிக்கையின் முதல் படமாக இருக்க வேண்டும்.

முகத்தைக் காட்டச் சாயக் கரைசலை ஊற்றாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பலரும் முதலில் செய்வது, ஒரு பக்கம் சிவப்பு உணவு நிறம், ஒரு பக்கம் நீலம். விழும்போது அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சின்ன மூலக்கூறுகளுக்கு ஆல்ஜினேட் கூழ் ஒரு தடையே இல்லை. ஒரு மி.மீ. தூரத்தைக் கடக்க இருபது நிமிடம் போலத்தான் ஆகும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லா மணியும் ஒரே ஊதா. கூழின் துவாரங்கள் சில நானோமீட்டரிலிருந்து இருநூறு நானோமீட்டர் வரை இருக்கும். அதைவிடப் பெரிய, கரையாத பொடிதான் போட்ட இடத்தில் நிற்கும். பிரிண்டிங்கில் பிக்மென்ட்டுக்கும் சாயத்துக்கும் இருக்கிற வித்தியாசம்தான் இங்கேயும்.

மணியின் அளவு பற்றி. ஊசியிலிருந்து தன் எடையால் விழும் சொட்டின் எடையை, ஊசியின் சுற்றளவும் திரவத்தின் இழுவிசையும் தீர்மானிக்கின்றன. அரை மி.மீ. ஊசி ஒன்றிலிருந்து சுமார் எட்டு மைக்ரோலிட்டர் சொட்டு வரும், அதாவது 2.5 மி.மீ. விட்டம். உங்கள் இரட்டை ஊசியில் மூன்று மி.மீ. பக்கம் வரும். இன்னும் மெல்லிய ஊசி போட்டால் சின்னதாகும் என்று நினைப்பீர்கள். ஆனால் ஊசியைப் பாதியாக்கினாலும் மணியின் விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், ஏனென்றால் அது கனமூலத்தில் போகிறது. ஊசியைச் சுற்றி ஒரு குழாய் வைத்து மீன்தொட்டி ஏர் பம்பால் காற்றை ஊதினால், சொட்டு தானே விழும் முன்பே பிய்த்துக்கொண்டு வரும், ஒரு மி.மீ.க்குக் கீழே போகலாம். அதற்கும் கீழே போக, 2012-ல் ஜப்பானில் ஒரு குழு செய்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவே தடுப்பு வைத்த கண்ணாடி நுண்குழாயில் ரெண்டு ஆல்ஜினேட் கரைசலையும் நிரப்பி, சின்ன சோதனைக்குழாய்க்குள் கால்சியம் கரைசலுக்கு மேலே நிற்கவைத்து, சாதாரண மேஜை சென்ட்ரிஃபியூஜில் சுற்றினார்கள். எடை பல நூறு மடங்கானால் சொட்டு அத்தனைக்குச் சின்னதாகப் பிரியும். நூறு மைக்ரான் அளவு இரு முக மணிகள், பம்பும் இல்லை, சிப்பும் இல்லை. உங்கள் பயோடெக் துறையில் சென்ட்ரிஃபியூஜ் நிச்சயம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அளவு முக்கியம், ஏனென்றால் சாயம் உள்ளே போகும் நேரம் விட்டத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மூன்று மி.மீ. மணியைவிட 0.3 மி.மீ. மணி நூறு மடங்கு வேகமாக வேலை செய்யும். உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சொட்டைப் பிய்க்கும் முறையும் உண்டு, ஐந்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பழகிய ஆள் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

ரெண்டு ஊசியும் ஒத்துவரவில்லை என்றால் ஒரே ஊசியிலும் ஒரு வழி இருக்கிறது. மேக்னடைட் கலந்த சொட்டை விட்டு, கிண்ணத்துக்கு அடியில் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து கழற்றிய நியோடிமியம் காந்தத்தை வைத்துவிடுங்கள். வெளித்தோல் இறுகியும் உள்ளே திரவமாக இருக்கும் அந்தச் சில நிமிடத்தில், கறுப்புப் பொடி காந்தப் பக்கம் நகர்ந்து ஒதுங்கும். கோடு போட்ட மாதிரி வராது, கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்துப் போகும். ஆல்ஜினேட்டை ஒரு சதவீதமாக இளக்கினால் நன்றாக ஒதுங்கும். திசை திருப்பும் சோதனைக்கு இது போதும். ஆனால் வெள்ளைப் பொடியைப் பிரித்து வைக்கும் வேலைக்கு ஆகாது. மெழுகில் பாதி புதைத்து மறு பாதியைப் பூசும் முறையையும் படித்திருப்பீர்கள். 2006-ல் சிலிக்கா துகள்களுக்கு அது வந்தது. ஈரமான கூழ்மணி மெழுகுக்குள் பாதி போகாது, தண்ணீர்ப் பக்கமே ஒதுங்கி நிற்கும். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இனி கழிவுநீர். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற, லிட்டருக்கு நாற்பது முதல் எண்பது கிராம் வரை உப்பு, அதோடு சோடா ஆஷ், பி.ஹெச். பதினொன்று பக்கம். இந்தத் தண்ணீரில் ஆல்ஜினேட் மணியைப் போட்டால், சோடியம் கூட்டமாக வந்து கால்சியத்தைக் குழியிலிருந்து தள்ளும், கார்பனேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாக இறக்கிவிடும். மணி ஊதும், கொழகொழக்கும், அப்புறம் கறுப்பும் வெள்ளையும் தண்ணீரில் கலங்கி நிற்கும். சமையல் உப்பும் சலவை சோடாவும் கரைத்த தண்ணீரில் ரெண்டு மணியைப் போட்டு நீங்களே பார்த்துவிடலாம். அதோடு, முன்னே சொன்ன தள்ளும் குணம். ரியாக்டிவ் சாயம் எதிர்மின் கொண்டது, ஆல்ஜினேட்டும் அப்படியே, சாயம் மணிக்குள் வரவே தயங்கும். ஆய்வகச் சோதனைகளில் பயன்படும் மெதிலீன் நீலம் என்ற சாயம் நேர்மின் கொண்டது, ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். பல கட்டுரைகளில் ஆல்ஜினேட் மணி சாயத்தை அபாரமாக நீக்கியது என்று வருவது பெரும்பாலும் மெதிலீன் நீலத்தை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்துச் செய்த சோதனைதான். அது பொய் இல்லை. ஆனால் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றங்கரைத் தண்ணீருக்கு அது பதிலும் இல்லை.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று கட்டினார்கள், அதில் தேங்கியது சாயக் கழிவு. சென்னிமலைப் பக்கத்து விவசாயிகள் பட்ட பாடு இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு என்பது நிஜமாகவே அமலுக்கு வந்தது. அந்தத் தண்ணீரில் பிரச்சினை நிறம் மட்டுமில்லை, உப்பும்தான். நிறத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று எழுதினால், இந்த மண்ணில் தலைமுறையாக விவசாயம் செய்யும் குடும்பத்துப் பிள்ளையே அதை ஒப்புக்கொள்ளாது. உங்கள் மணி உப்பை நீக்காது. அதை அறிக்கையில் நேராகவே எழுதிவிடுங்கள், மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

உப்பும் சோடாவும் தாங்கும் மணி வேண்டுமென்றால் கடல்பாசியிலேயே இன்னொரு பொருள் இருக்கிறது: அகர். மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி ஆகிய சிவப்புப் பாசிகளிலிருந்து வருவது, கடையில் கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் விற்பார்கள். இதன் கூழ் கால்சியத்தை நம்பி நிற்பதில்லை, ஆறினால் தானே இறுகுகிறது. நாற்பது டிகிரிக்குக் கீழே வந்தால் இறுகும், மறுபடி உருக எண்பத்தைந்து டிகிரி பக்கம் போக வேண்டும். சோடா ஆஷ் இதைக் கரைக்காது. கஞ்சிப்பாசியிலிருந்து அகர் எடுக்கும்போது கூழ் வலுவாக இருக்கட்டும் என்று காரத்தில் ஊறவைப்பதே வழக்கம். ரெண்டு சதவீத அகரைக் கொதிக்கவைத்துக் கரைத்து, அறுபது டிகிரிக்கு ஆறவிட்டு, அதே இரட்டை ஊசி வழியாக, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த எண்ணெய் நிரப்பிய உயரமான ஜாடியில் சொட்டு சொட்டாக விட வேண்டும். எண்ணெய்க்குள் இறங்கும்போதே உருண்டையாகி இறுகிவிடும். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ரெண்டும் சரி. காங்கேயத்துப் பக்கம் எளிதாகக் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை எடுக்காதீர்கள், அது ஃப்ரிட்ஜில் வெண்ணெயாக உறைந்துவிடும். இங்கே கஷ்டம் ஒன்றுதான்: சிரிஞ்சும் ஊசியும் சூடாகவே இருக்க வேண்டும். சூடான தண்ணீர் ஓடும் சிலிக்கான் குழாயைச் சிரிஞ்சைச் சுற்றிக் கட்டினால் சமாளிக்கலாம். மணிகளை எடுத்து இளம் சோப்புத் தண்ணீரில் ரெண்டு தடவை அலசி, அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஆக என் யோசனை இது. புராஜெக்ட்டின் முதல் பாதியில் ஆல்ஜினேட் மணி, மெதிலீன் நீலம், டிஸ்டில்டு வாட்டர். முறை கைவந்த பிறகு அகர் மணி, ரியாக்டிவ் சாயம், நீங்களே அளந்து போட்ட உப்பும் சோடாவும். பட்டறைத் தண்ணீர் கடைசியில், அதுவும் துறைத் தலைவர் மூலமாக அனுமதி கேட்டு. கார்பனேட்டும் குளோரைடும் ஒளிவினையின் வேகத்தைக் குறைக்கும். முதல் பாதியில் வந்த எண் ரெண்டாம் பாதியில் வராது, அதற்காகப் பதற வேண்டாம்.

அளக்கும்போது ஒப்பீடுதான் உயிர். மெதிலீன் நீலத்தை 664 நானோமீட்டரில் பாருங்கள். நிறம் குறைந்தது என்பதாலேயே சாயம் உடைந்தது என்று ஆகாது, ஆல்ஜினேட்டே உறிஞ்சியிருக்கலாம். அதனால் ஒரு பாத்திரத்தை முழுக்க இருட்டில் வையுங்கள், மணி எவ்வளவு உறிஞ்சும் என்பது அதில் தெரிந்துவிடும். இன்னொன்றில் மணியே இல்லாமல் சாயத்தை மட்டும் வெயிலில் வையுங்கள், சாயம் தானாகவே வெளுக்கும் அளவு தெரியும். மூன்றாவதாக, அதே எடை மேக்னடைட்டும் அதே எடை டைட்டானியம் டை ஆக்சைடும் சீராகக் கலந்த ஒரு முக மணி. இரு முக மணி இதைத் தோற்கடித்தால்தான் உங்கள் புராஜெக்ட்டுக்குப் பொருள் உண்டு. தோற்கடிக்கவில்லை என்றாலும் அது ஒரு முடிவுதான், ஏன் என்று எழுதலாம். அப்புறம், அடியில் காந்தம் வைத்தும் வைக்காமலும் அதே இரு முக மணியை ஓட்டினால், முகம் திரும்புவதால் வரும் லாபம் தனியாகத் தெரியும். தட்டை லேசாக ஆட்டிவிட்டு, நூறு மணியில் எத்தனை வெள்ளை மேலே வந்து நிற்கிறது என்று படம் எடுத்து எண்ணுங்கள்.

தண்ணீரில் இரும்பு கசிகிறதா என்பதையும் பாருங்கள். பொட்டாசியம் தயோசயனேட் ஒரு துளி விட்டால் ஃபெரிக் இருந்தால் சிவப்பாகும், பத்து ரூபாய் சோதனை. ஒளியில் உண்டாகும் தீவிரமான மூலக்கூறுகள் சாயத்தை மட்டும் உடைப்பதில்லை, மெல்ல மெல்ல ஆல்ஜினேட்டையும் அரிக்கும். அதனால் வெள்ளைப் பக்கம் முதலில் சொரசொரப்பாகி உதிரலாம். ஒரே மணிகளை எத்தனை தடவை திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது என்பதைக் கட்டாயம் சேருங்கள்.

செய்த ஆல்ஜினேட் மணிகளை வெறும் டிஸ்டில்டு வாட்டரில் வாரக்கணக்கில் வைத்தால் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் குளோரைடு போட்ட தண்ணீரில், மூடி போட்டு, ஃப்ரிட்ஜில் வையுங்கள். காயவைத்தால் பெரும்பகுதி தண்ணீர் போய் மணி கடுகளவுக்குச் சுருங்கும். ரெண்டு பக்கத்திலும் பொடியின் அளவு வேறென்றால் ஒரு பக்கம் அதிகமாகச் சுருங்கி வளைந்துபோகும், நனைத்தாலும் பழைய உருண்டைக்குத் திரும்பாது. வேலை முடிந்த மணிகளைத் தொட்டியில் கொட்டாமல் காந்தத்தால் அள்ளி எடுத்து லேப் கழிவோடு சேர்த்துவிடுங்கள்.